அரை நிமிடக் குரல்

“டீச்சரிடம் இன்னும் எத்தனை வாரம் மறைக்கப் போகிறீர்கள்?” என்று இந்தத் தொடரைப் படித்துக் கோபித்து எழுதிய அன்பர்கள் இனி நிம்மதியாக இருக்கலாம். சொல்லியாகிவிட்டது. மருத்துவரே எதிரில் உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். தொண்டையில் இருப்பது கெட்ட கட்டி. குரல்வளையோடு சேர்த்து எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை. குரல்தான் போய்விடும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டீச்சர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்தாறு வருட சர்வீஸ். ஊரில் பாதிப் பேர் க்ளட்சை மிதிக்கும்போது அவர்கள் காதுக்குள் அதட்டுவது இவர் குரல்தான். தாலி கட்டிய கணவரே அவரை “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மகள் கடுகு, உருவம் சின்னது, பேச்சு காரம், அதனால் அந்தப் பெயர். போன் சர்வீஸ் கடையில் கவுன்டரில் இருக்கிறாள். மகன் ஒருவன் உண்டு. அவன் கதை கொஞ்ச நேரத்தில் தானாக வரும்.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன்.

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு வழி சொல்லியிருந்தார். “மூணு மணி நேரம் பேசிப் பதிவு பண்ணிக் குடுங்க. அப்புறம் நீங்க போன்ல டைப் பண்ணா, அது உங்க குரல்லயே பேசும்.” பதினொரு நாளாக டீச்சர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை மேஜையில் வைத்து, தினமும் கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார். தொண்டை எரிந்தாலும் பேசினார்.

இன்று மாலை ஐந்துக்குள் அந்தப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும்.

காலை எட்டு மணி. கடுகு கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மாவின் போனைத் தன் கணினியில் செருகினாள். பதினொரு பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. அவள் முகம் சுருங்கியது.

“என்னடி?” என்றார் டீச்சர். குரல் உப்புத்தாளில் தேய்த்தது போல வந்தது.

“ஒண்ணும் இல்லம்மா. இரு.”

முதல் பதிவைத் தட்டினாள்.

“நான் சமையலறைல இருந்து பேசறேன். ஜன்னல் சாத்தியிருக்கு. நடுவுல தண்ணி சொட்டற சத்தம் கேட்டா அது எங்க வீட்டுக்காரர் தப்பு. மூணு மாசமா வாஷர் மாத்தறேன், மாத்தறேன்னு...”

அதோடு நின்றது.

இரண்டாவதைத் தட்டினாள். அரை நிமிடம். மூன்றாவது. அரை நிமிடம். பதினொன்றும் அப்படியே. எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம்கூடத் தேறவில்லை.

“அது எப்படி? நான் பேசி முடிச்சுப் பாக்கும்போது ஃபைல் இருந்துதே!”

“ஃபைல் இருக்கும்மா. உள்ள ஒண்ணும் இல்லை.”

கடுகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சும்மா வைத்தால் முப்பது நொடியில் திரை அணைகிற மாதிரி வைத்திருந்தது. அணைத்துவிட்டு, மறுபடி திறந்தாள். மேலே ஒரு பச்சை டிக் பளபளத்தது. ‘இருபத்து மூன்று ஆப்கள் மூடப்பட்டன. உங்கள் போன் இப்போது லேசாக இருக்கிறது!’

“அப்பா!”

குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார் லிஃப்ட்காரர்.

“இதை அம்மா போன்ல யாருப்பா போட்டது?”

“நான்தான். போன் சூடாகுது, இழுத்து இழுத்து வேலை செய்யுதுன்னு டீச்சர் சொன்னா. என் போன்ல ரெண்டு வருஷமா இருக்கு, தங்கமான ஆப். பின்னாடி சும்மா ஓடறதையெல்லாம் திரை அணைஞ்சதும் மூடிடும். ஏன்?”

“ரெக்கார்டரும் பின்னாடிதான்ப்பா ஓடும்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. கடுகு கணினியில் இன்னொரு பதிவை ஓட்டினாள். மனைவியின் குரல் ஒரு சொல்லின் பாதியில் அறுந்தது. இன்னொன்று. அதுவும் அறுந்தது. துண்டு அவர் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“எத்தனை தடவை சொன்னேன்? இது தேவையே இல்லைன்னு எங்க கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் சொல்றேன். போனுக்கே தெரியும்ப்பா, எதை வெச்சுக்கணும், எதைத் தூங்க வைக்கணும்னு. நீங்க பாக்கற லிஃப்ட்லயே ஆள் இறங்கினதும் மெயினை அணைப்பீங்களா? அடுத்த ஆள் பட்டன் அமுக்கினா மறுபடி முதல்ல இருந்து உசுப்புவீங்களா? அதுக்குத்தான் கரன்ட் அதிகம் செலவாகும். ஏதாவது ஒண்ணு மாட்டிக்கிட்டு அடம் பிடிச்சா அதை மட்டும் மூடுங்க, போதும். எல்லாத்தையும் அடிச்சு மூடினா எது முக்கியம்னு அந்த ஆப்புக்கு என்ன தெரியும்? அலாரம் அடிக்காது, மெசேஜ் வராது...”

“கடுகு.” டீச்சர் கையைத் தூக்கினார். “போதும்.”

லிஃப்ட்காரர் சட்டையை மாட்டினார். ஒரு பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, வேலைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

---

அவர் பராமரிக்கும் லிஃப்ட்டுகளில் ஒன்று, நாலு தெரு தள்ளி ஏழு மாடிக் குடியிருப்பில் இருக்கிறது. மொட்டை மாடியில் மோட்டார் அறை. அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெயின்ட் டப்பா மீது உட்கார்ந்தார்.

அறையில் எங்கேயாவது விளக்கு வீணாக எரிந்தால் எழுந்து போய் அணைக்கிற மனிதர் அவர். டீச்சரோடு முப்பது வருடத்தில் அவர் போட்ட சண்டைகளில் பாதி, ஃபேனை அணைக்காமல் வந்ததற்காக. அந்தப் பச்சை டிக்கைப் பார்க்கும் போதெல்லாம் ஒரு வேலையைச் சுத்தமாக முடித்த திருப்தி வரும். மனைவிக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அதைப் போட்டுக் கொடுத்தார். பதினொரு நாள் மனைவி தொண்டை எரியப் பேசியதை எல்லாம் அவரே குப்பையில் கொட்டியிருக்கிறார்.

முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, பேச்சுப் பயிற்சியாளருக்குப் போன் போட்டார்.

“அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணினேன்.”

முழுவதும் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னார். “மூணு மணி நேரம் இருந்தா பிரமாதமா இருக்கும் சார். ஆனா தெளிவா ஒரு மணி நேரம் கிடைச்சாலும் அவங்க சாயல்ல ஒரு குரல் செஞ்சிடலாம். அவங்களால முடியுமா?”

“பேசினா தொண்டைக்குக் கெடுதலா?”

“நடுநடுவுல தண்ணி குடிச்சு, கத்தாம பேசினா பரவாயில்லை. இன்னைக்கு விட்டா வேற நாள் இல்லையே சார். பட்டியலைப் பாத்துப் படிக்க வேண்டாம், அலுப்பு குரல்ல தெரியும். சும்மா பேசட்டும். ஒரு விஷயம் மட்டும், சத்தமே இல்லாத இடம் வேணும். வீட்ல அப்படி இடம் இல்லைன்னா, நிறுத்தி வெச்ச கார் நல்லது. கண்ணாடியை ஏத்திட்டா வெளிச் சத்தம் வராது.”

லிஃப்ட்காரர் டப்பாவிலிருந்து எழுந்தார்.

---

தொண்டை எரிச்சல் கொஞ்சம் அடங்கிய பிறகு, இரண்டரை மணிக்கு டீச்சரின் பயிற்சிக் கார், அந்தக் குடியிருப்பின் அடித்தள நிறுத்தத்தில் மூலையில் வந்து நின்றது. அவரே ஓட்டி வந்தார். கடுகு பின் இருக்கையில் தன் போனையும் ஒரு குட்டி மைக்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னமோ ரீங்காரம் கேக்குதே,” என்றாள் மைக்கைக் காதில் வைத்து.

“காத்தாடியும் லிஃப்ட்டும்,” என்றார் லிஃப்ட்காரர். “ரெண்டு நிமிஷம் குடு.”

காற்றாடி நின்றது. பிறகு ஓடிக்கொண்டிருந்த, எந்தக் குறையும் இல்லாத லிஃப்ட்டை நிறுத்தி, கதவில் ‘பராமரிப்பு வேலை நடக்கிறது’ என்ற பலகையை மாட்டினார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அவர் மாட்டிய முதல் பொய்ப் பலகை அதுதான்.

மார்க்கெட் பையோடு வந்த ஒரு பெண்மணி முறைத்தார். “காலைல நல்லாத்தானே ஓடிச்சு? நான் ஆறாவது மாடிங்க!”

“பையை நான் தூக்கிட்டு வரேன்மா. ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்க. உள்ள முக்கியமான வேலை.”

ஆறு மாடி ஏறி இறங்கி, மூச்சு வாங்கியபடி காருக்குள் வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் கையை நீட்டினார். “முதல்ல என் போன்ல அதை எடுங்க. நீங்களே எடுங்க.”

அவர் அந்த ஆப்பை அழுத்திப் பிடித்து நீக்கினார்.

“இப்ப பேசட்டுமா?” என்றார் டீச்சர். “ரெக்கார்ட் ஆகுதா? சரி. என்னங்க, உங்களைத் திட்டறதுக்கு எனக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கேட்டுக்கங்க.”

கேட்டுக்கொண்டார். கல்யாணமான புதிதில் ரயில் நிலையத்தில் தன்னை விட்டுவிட்டு டிக்கெட்டோடு ரயிலேறிப் போனதில் ஆரம்பித்தார் டீச்சர். இருட்டிலேயே சாப்பிட வைத்தது, ஃபிரிட்ஜைத் திறந்து ரொம்ப நேரம் பார்க்கக் கூடாது என்று கதவில் சீட்டு ஒட்டியது, பிரசவ வலியில் போகும்போதுகூட, “எல்லா ஸ்விட்சையும் அணைச்சாச்சா?” என்று வாசலிலிருந்து திரும்பிப் போனது. கடுகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினாறு நிமிடம் ஓடியது. குரல் கரகரத்தாலும் தெளிவாகத்தான் இருந்தது.

பிறகு டீச்சர் தண்ணீர் குடித்தார். பேச ஒன்றும் தோன்றவில்லை.

“சொல்லும்மா. எதையாவது பேசு.”

“என்னடி பேசறது? பேசுன்னா வருதா?”

அப்போதுதான் அவருடைய போன் அதிர்ந்தது. ஒருமுறை இல்லை, வரிசையாக. பதினொரு நாளாக வாயடைத்துக் கிடந்த மெசேஜ் ஆப், இப்போது விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டியது. மாணவர்களின் விசாரிப்புகள். அவற்றுக்குப் பதில் சொல்லப் பயந்துதான் டீச்சர் அந்த ஆப்பைத் திறப்பதே இல்லை. அவற்றுக்கு நடுவில், அதே ஆப் வழியாக ஒரே ஆளிடமிருந்து வந்து, எடுக்கப்படாத அழைப்புகள். ஒன்பது.

“பெரியவன்,” என்றார் டீச்சர்.

கடுகு முன்னால் எட்டி அந்த எண்ணிக்கையைப் பார்த்தாள்.

இரண்டு வருடம் முன்னால் மகன் ஓட்டிய கார் ஒரு சுவரில் மோதியது. நிறைமாதமாக இருந்த மனைவி பக்கத்தில். அவள் மணிக்கட்டு உடைந்தது. வேறு சேதம் இல்லை. மருத்துவமனை வராந்தாவில், எல்லோர் எதிரிலும், டீச்சர் மகனிடம் சொன்னார்: “உன்னை நம்பி ஒரு உயிரும் வண்டியில ஏறக் கூடாது.” அவன் அடுத்த மாதம் ஆறு மணி நேரத் தொலைவில் ஒரு ஊருக்கு மாறிப் போய்விட்டான். பேத்தியைக்கூட டீச்சர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

“நீ சொன்னியா கடுகு, அவன்கிட்ட?”

“ஆபரேஷன்னு சொன்னேன்மா. நீயே அம்மாகிட்ட பேசுன்னு சொன்னேன். பேசியிருப்பான், நீ எங்ககிட்ட சொல்லலை போலன்னு நினைச்சேன்.”

“நான் எடுக்க மாட்டேங்கறேன்னு நினைச்சிருப்பான். ஒன்பது தடவை.” டீச்சர் கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் உடைந்துவிடுவார் என்று தெரியும். அவர் முழங்கை மீது கையை மட்டும் வைத்தார். “இயர்போனைக் குடு கடுகு.”

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“அம்மா?”

“போன் அடிக்கலைடா. ஒரு தடவைகூட அடிக்கலை. அடிச்சிருந்தா எடுத்திருப்பேன்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“எங்க இருக்க? வேலைலயா?”

“இன்னைக்கு லீவு போட்டேன். வேலை ஓடலைம்மா. உன் குரல் ஏன் இப்படி...”

“இதுவும் நாளைக்கு இருக்காது. அழாத. எனக்கு இன்னும் முக்கால் மணி நேரம் பேசணும், அழுதா நேரம் போயிடும். கார் ஓட்டறியா?”

“இல்லைம்மா. ரெண்டு வருஷமா தொடலை. பேட்டரி இறங்கக் கூடாதுன்னு ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் மட்டும் பண்ணி வெப்பேன்.”

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உன் ஓட்டுதலைப் பத்தி இல்லை அது. எனக்குப் பயம். கை கால் உதறிச்சு, அது வாய் வழியா வந்துடுச்சு. பாடம் நடத்தறவ அப்படிப் பேசவே கூடாது. கேக்குதா?”

“கேக்குதும்மா.”

“சாவியை எடு. போனை ஸ்பீக்கர்ல போட்டு முன்னாடி வை. பக்கத்துல வெறும் மைதானம் ஏதாவது இருக்கா?”

“எதிர்ல இருக்கு. மூடின மில்லோட மைதானம்.”

“போ. உக்காந்ததும் சொல்லு.”

லிஃப்ட்காரர் சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கி, அதைவிட மெதுவாகச் சாத்திவிட்டு, படிக்கட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். வருகிறவர்களை உதட்டில் விரல் வைத்து மறித்தார்.

காருக்குள் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையும் தானாக ஸ்டியரிங்குக்குப் போயின.

“சீட்டை முன்னாடி இழு. முட்டி லேசா மடங்கணும். கண்ணாடி மூணையும் பாரு. பாத்தியா, இல்ல பாக்கற மாதிரி நடிச்சியா? எனக்குத் தெரியும். மறுபடி பாரு... க்ளட்ச். மெதுவா விடு. தூங்கற குழந்தை தலைக்குக் கீழ இருந்து கையை உருவற மாதிரி. ஆ, அப்படித்தான்... எஞ்சின் அணைஞ்சுதா? அணையட்டும். யாரும் பின்னாடி ஹாரன் அடிக்கலை. திரும்பப் போடு.”

“கை வேர்க்குதும்மா.”

“வேர்க்கட்டும். எனக்கும்தான் வேர்க்குது. துடைச்சுக்கோ. ரெண்டாவது கியர். எஞ்சின் முனகறது எனக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா? ... நல்லா இருக்குடா. நல்லா இருக்கு. ஒரு வட்டம் போடு. யாரோ கூப்பிடற சத்தம் கேக்குதே, யாரு அது?”

“அவளும் பாப்பாவும்.”

“கையாட்டினா திரும்பிப் பாக்காத. ரோட்டைப் பாரு.”

கடுகு நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பது. ஐம்பது. டீச்சர் இடையிடையே தண்ணீர் குடித்தார். ஒருமுறை குரல் முழுவதும் அடைத்துக்கொண்டு, செருமிச் சரி செய்தார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். திட்டினார். சபாஷ் என்றார்; அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்ட மாணவர்கள் ஊரில் பத்துப் பேர்கூட இல்லை. அறுபத்து மூன்றாவது நிமிடம் கடுகு கையைக் காட்டினாள்.

“சரிடா. நிறுத்து. ஹேண்ட் பிரேக் போடு. எனக்கு இதுக்கு மேல பேச்சு இல்லை.” ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். “சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்மா.”

அது பொய் என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டு, போனை வைத்தார்.

---

நாலே முக்காலுக்குப் பதிவு பேச்சுப் பயிற்சியாளருக்குப் போய்ச் சேர்ந்தது. ‘அருமை. உயிருள்ள பேச்சு. இனி ஒரு சொல்கூடப் பேச வேண்டாம், தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள்’ என்று பதில் வந்தது. லிஃப்ட் மறுபடி ஓடியது. டீச்சர் ஒரு குறிப்பேட்டையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுச் சோபாவில் சாய்ந்தார்.

ஐந்தரைக்குக் கடுகின் போனில் அண்ணியிடமிருந்து ஒரு மெசேஜ். சத்தமாகப் படித்தாள். “நாலு மணிக்கே கிளம்பிட்டோம். அவர்தான் ஓட்டறார். நானும் பாப்பாவும் கூட இருக்கோம். எங்க இருக்கோம்னு பாக்க லிங்க் அனுப்பியிருக்கேன்.”

டீச்சர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து எழுதினார்: ‘ஆறு மணி நேரம்! பஸ்ஸில் வரச் சொல்லு!’

“கிளம்பிட்டாங்கம்மா.”

‘அப்படியானால் இருட்டினதும் ஓட்டக் கூடாது. எங்கேயாவது தங்கட்டும். காலையில் வரட்டும்.’

கடுகு அப்படியே அனுப்பினாள். சரி என்று அண்ணியின் பதில் வந்தது.

வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி மெல்ல ஊர்ந்தது. லிஃப்ட்காரர் டீச்சரின் போனைச் சார்ஜரில் போட்டு, திரை அணையாதபடி கடுகிடம் சொல்லி மாற்றச் செய்து, மேஜையில் நிறுத்தி வைத்தார். பிறகு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை.

“டீச்சர்,” என்றார். “என்னைத் திட்டினது பதினாறு நிமிஷம்தான். பாக்கி எவ்வளவு இருக்கு?”

டீச்சர் எழுதிக் காட்டினார். ‘முப்பது வருஷத்துக்கு இருக்கு. அந்தக் குரல் வந்ததும் டைப் பண்ணித் திட்டறேன்.’

அவர் சிரிக்க முயன்றார். முடியாமல், குனிந்து மனைவியின் உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொண்டார். டீச்சர் அவர் தலையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

ஏழு மணிக்கு வெளிச்சம் மங்கியது. புள்ளி பாதி வழியில், நெடுஞ்சாலை ஓரத்து விடுதி ஒன்றில் நின்றது. டீச்சர் பெருமூச்சு விட்டார். கடுகு கணக்குப் போட்டாள்.

“அங்க இருந்து இன்னும் மூணு மணி நேரம்மா. காலைல வெளிச்சம் வந்து கிளம்பினா ஒன்பதாயிடும். உன்னை ஏழு மணிக்கே உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

டீச்சர் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு எழுதினார்: ‘அவசரம் வேண்டாம். நான் கண் விழிக்கும்போது நீ இருந்தால் போதும் என்று சொல்லு.’

கடுகு அண்ணனுக்கு அனுப்பினாள். படித்துவிட்டான் என்பது தெரிந்தது. பதில் இல்லை.

பத்து நிமிடம் கழித்து லிஃப்ட்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“நகருது.”

மூவரும் திரை மீது குனிந்தார்கள். புள்ளி விடுதியை விட்டு, நெடுஞ்சாலைக்கு வந்து, அவர்கள் ஊரை நோக்கித் திரும்பியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே முழுதாக இருட்டிவிட்டது.

“கூப்பிடட்டுமா?” கடுகு போனை எடுத்துவிட்டாள். “திரும்பிப் போகச் சொல்லட்டுமாம்மா? சொல்லு, எழுது!”

டீச்சர் குறிப்பேட்டை இழுத்தார். பேனா முனை தாளைத் தொட்டது. புள்ளி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நிதானமாக, ஒரே சீராக.

அவர் பேனாவை மூடி, குறிப்பேட்டின் மேல் வைத்தார். மகள் கையிலிருந்த போனை மெதுவாகக் கீழே இறக்கினார். பிறகு நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் மகன் வருகிற சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.